செவ்வாயிலிருந்து இன்று வந்த படம் எங்கே கிடைக்கும்? இலவச விண்கலச் சேவைகள்: ஒரு மதிப்புரை

செவ்வாய்த் தரையில் கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் என இரண்டு ரோவர்கள் வேலை செய்கின்றன. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030 ஏப்ரலில் வியாழனை எட்ட வேண்டும். ஐரோப்பாவும் ஜப்பானும் அனுப்பிய பெப்பிகொலம்போ கலம் 2026 நவம்பரில் புதனைச் சுற்றத் தொடங்க வேண்டும். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்கள் சூரியக் காற்றின் எல்லையையே தாண்டிப் போய்விட்டன. இத்தனையையும் வீட்டிலிருந்தபடி பின்தொடர ஒரு பைசா செலவில்லை. செய்தித்தளங்களில் சுருங்கி, நிறம் மாறி, சில நாள் பழசாகி வரும் அதே படம், அது முதலில் வந்து சேரும் பக்கத்தில் முழு அளவில் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. அந்தப் பக்கங்களைத் தமிழில் யாரும் முறையாக எடுத்துச் சொல்லாததால்தான் பலருக்கும் தெரியாமல் போகிறது.

உள்ளே போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சேவைகள் காட்டுவது மூன்று வெவ்வேறு பொருள்கள். சில, கணக்குப் போட்டு வரைந்த காட்சிகள். சில, இந்த நொடியில் ஓடும் சிக்னலின் விவரம். மற்றவை, கேமரா உண்மையில் எடுத்த படங்கள். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதுதான் சமூக ஊடகங்களில் சுற்றும் தப்பான விண்வெளிப் பதிவுகளில் பெரும்பாதிக்குக் காரணம். ஒன்றே ஒன்றைத்தான் திறக்க நேரம் உண்டு என்றால், பெர்சிவரன்ஸின் மூலப்படப் பக்கத்தைத் திறக்கலாம். நேரம் இருந்தால் நாசா ஐஸிலிருந்து தொடங்குவது நல்லது.

நாசா ஐஸ்: வரைபடம்தான், ஆனால் நம்பத் தகுந்த வரைபடம்

'ஐஸ் ஆன் த சோலார் சிஸ்டம்' என்பது நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் உருவாக்கிய முப்பரிமாணச் சூரியக் குடும்பம். 2010 வாக்கில் கணினியில் நிறுவும் மென்பொருளாக வந்தது. இப்போது பிரவுசரிலேயே ஓடுகிறது. காலக்கோடு 1950 முதல் 2050 வரை. விண்கலங்களின் இடமும் திசையும் ஸ்பைஸ் எனப்படும் கோப்புகளிலிருந்து வருகின்றன. கலத்தின் பாதையைத் திட்டமிடுகிறவர்களும் படங்களை ஆராய்கிற விஞ்ஞானிகளும் பயன்படுத்துவது இதே வகைக் கோப்புகளைத்தான். அதனால்தான் அழகுக்காகச் செய்த மற்ற கோள் செயலிகளோடு இதைச் சேர்த்து எண்ணக் கூடாது. தூரங்களும் அளவுகளும் மெய்யான விகிதத்தில் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் உருளும் கோள்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இதில் வெறும் இருட்டையும் பெயர்ப்பலகைகளையும் பார்த்துத் திகைப்பார்கள். அந்தத் திகைப்பு அவர்களுக்குத் தேவை. சூரியக் குடும்பம் அவ்வளவு காலியானது.

முதல் முறை திறப்பவர்கள் செவ்வாயைத் தேடி அழுத்துங்கள். மவுஸின் சக்கரத்தை உருட்டி, ஃபோபோஸ் நிலா கண்ணில் படும் அளவுக்குப் பின்வாங்குங்கள். கீழே இருக்கும் வேகக் கட்டுப்பாட்டை நொடிக்கு ஒரு மணி நேரம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் ஃபோபோஸ் எட்டு நொடிக்குள் ஒரு சுற்று முடிக்கும். அதன் சுற்றுக்காலம் 7 மணி 39 நிமிடம். செவ்வாய் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 25 நொடி எடுக்கும். நிலா தரையை முந்திக்கொண்டு ஓடுகிறது. செவ்வாயில் நிற்பவருக்கு ஃபோபோஸ் மேற்கே உதித்துக் கிழக்கே மறைவது ஏன் என்பது இந்த அரை நிமிடத்தில் புரிந்துவிடும். இதே வேகத்தில் வியாழனுக்குப் போனால் அதன் நிலாக்கள் ஒரு சுற்று முடிக்க ஐயோ 42 நொடி, யூரோப்பா 85, கேனிமீடு 172. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்ற அந்த ஒத்திசைவை எண்ணிப் பார்க்க ஒரு கைக்கடிகாரம் போதும்.

ஒளி அமைப்பை மாற்றாமல் விடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. எல்லாப் பக்கமும் வெளிச்சம் பரவிய நிலையில் பார்த்தால் இரவுப் பக்கமே தெரியாது; நெப்டியூனும் பூமி அளவுக்குப் பளிச்சென்று இருக்கும். அமைப்புகளுக்குள் போய் இயற்கை ஒளியைத் தேர்ந்தெடுங்கள். 2017 செப்டம்பர் 15-ஆம் தேதிக்குப் போய், காசினி விண்கலம் சனியின் வளிமண்டலத்துக்குள் விழும் கடைசி நிமிடங்களை அந்த ஒளியில் ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு மறக்காமல் 'லைவ்' பொத்தானை அழுத்தி நிகழ்காலத்துக்குத் திரும்புங்கள். திரும்பாமல் விட்டுவிட்டு, இன்று கோள்கள் இப்படி வரிசையில் நிற்கின்றன என்று படம் பிடித்துப் போடுகிறவர்கள் உண்டு.

எல்லா வரைபடத்துக்கும் உள்ள குறை இதற்கும் உண்டு. வருங்காலப் பாதை என்பது இன்றைய திட்டம் மட்டுமே. ஜூனோ 2016 ஜூலையில் வியாழனை அடைந்தபோது, சில மாதங்களில் 14 நாள் சுற்றுப்பாதைக்கு இறங்குவதாகத்தான் திட்டம். எஞ்சினுக்கான ஹீலியம் வால்வுகள் மந்தமாகத் திறந்ததால் அந்த எரிப்பைக் கைவிட்டார்கள். கலம் 53 நாள் பாதையிலேயே நின்றது. பின்னர் கேனிமீடு, யூரோப்பா, ஐயோ ஆகியவற்றின் அருகே போனதால்தான் பாதை 43, 38, 33 நாள் என்று சுருங்கியது. அதுபோலத் திரையில் ஒரு கலம் சுற்றுகிறது என்பதால் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. மங்கள்யானுடனான தொடர்பு 2022-இல் அறுந்தது. வெள்ளியைச் சுற்றிய ஜப்பானின் அகாட்சுகி 2024 ஏப்ரலில் மௌனமானது. பேச்சு நின்றாலும் ஈர்ப்பு விசை நிற்காது. பாதையைக் கணக்கிட்டுக்கொண்டே போகலாம். உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேறு இடம் உண்டு, அடுத்த பகுதியில் வருகிறது.

தொழில்நுட்பத் தொல்லைகள் இரண்டு. திரை கறுப்பாகவே நின்றால், பிரவுசர் அமைப்பில் கிராபிக்ஸ் வன்பொருள் முடுக்கம் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முப்பரிமாணக் காட்சி முழுவதும் பிரவுசரின் வரைகலை வசதியான வெப்ஜிஎல்லில் ஓடுவதால் அது இல்லாமல் எதுவும் நகராது. பழைய கைப்பேசியில் கோளின் மேற்பரப்புப் படங்கள் ஏறும்போது திணறும், சூடேறும்; கணினியில் பார்ப்பதே நல்லது. இடைமுகம் ஆங்கிலத்தில் இருப்பதால் பள்ளியில் காட்டும் ஆசிரியர்கள் பொத்தான்களின் பெயரைக் கரும்பலகையில் முன்கூட்டியே தமிழில் எழுதி வைத்துவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே ஓட்டுவார்கள்.

டிஎஸ்என் நவ்: யார் இப்போது பேசுகிறார்கள்

தொலைதூரக் கலங்களோடு பேசும் நாசாவின் ஆழ்விண்வெளி வலையமைப்பின் (டிஎஸ்என்) நேரடித் தகவல் பலகை இது. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் இருக்கும் தட்டு ஆண்டெனாக்கள் வரிசையாக வரையப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் எந்தக் கலத்தைப் பார்க்கிறது என்பது மேலே சுருக்கப்பெயராக வரும். ஐந்து நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. மூன்று நிலையங்களும் பூமியில் ஏறத்தாழ 120 டிகிரி இடைவெளியில் இருப்பதால் பூமி சுழலச் சுழல ஒரு கலத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாற்றிக்கொள்ளும். ஒரே இரவில் அந்தக் கைமாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

பெயர்களைப் பழகிக்கொள்வதுதான் முதல் வேலை. எம்எஸ்எல் என்றால் கியூரியாசிட்டி, எம்20 பெர்சிவரன்ஸ், எம்ஆர்ஓ செவ்வாயைச் சுற்றும் உளவுக்கலம், எம்01ஓ செவ்வாயைச் சுற்றும் இன்னொரு கலமான ஒடிசி, ஜேஎன்ஓ ஜூனோ, விஜிஆர்1, விஜிஆர்2 இரண்டு வாயேஜர்கள், இயுஆர்சி யூரோப்பா கிளிப்பர். ஆண்டெனாவை அழுத்தினால் தூரம், ஒளி போய்வரும் நேரம், அலைவரிசை, தரவு வேகம், வந்துசேரும் சிக்னலின் வலு எல்லாம் விரியும். வலு எதிர்மறை எண்ணில் டெசிபெல் மில்லிவாட்டாக இருக்கும். பத்து குறைந்தால் வலு பத்தில் ஒரு பங்கானது என்று அர்த்தம். கலத்துக்குப் போகும் அலையும் அங்கிருந்து வரும் அலையும் தனித்தனியாகக் காட்டப்படும். வரும் அலையில் தரவு வேகம் இல்லாமல் தகவல் ஏற்றாத வெறும் கேரியர் அலை மட்டும் என்றிருந்தால், கலம் இருப்பது தெரிகிறது, ஆனால் அந்த நேரத்தில் தகவல் எதுவும் இறங்கவில்லை என்று பொருள்.

விஜிஆர்1 வரும்போது அழுத்திப் பாருங்கள். தரவு வேகம் நொடிக்கு 160 பிட். ஒரு குறுஞ்செய்தி வந்து சேர ஏழெட்டு நொடி ஆகும் அளவு. அதை அனுப்பும் கருவியின் வலு இருபத்திச் சொச்சம் வாட், ஒரு சாதாரண டியூப்லைட்டைவிடக் குறைவு. தூரமோ 2,500 கோடி கி.மீ. தாண்டிவிட்டது. இங்கிருந்து போன கட்டளைக்குப் பதில் வர ஏறக்குறைய இரண்டு நாள். அந்த ஒரு பெட்டியில் இருக்கும் எண்களைப் படிப்பதற்காகவே இந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கலாம்.

விஜிஆர்2 கான்பெராவில் மட்டுமே தோன்றுவதற்கும் காரணம் உண்டு. 1989-இல் நெப்டியூனின் நிலா டிரைட்டனை நெருங்கிப் போகும் பாதையை எடுத்ததால் வாயேஜர் 2 தெற்கு நோக்கி வளைந்துவிட்டது. வடகோளத்தில் இருக்கும் மற்ற இரு நிலையங்களின் கண்ணுக்கு அது எட்டாது. கட்டளை அனுப்பப் போதுமான ஒரே ஆண்டெனா கான்பெராவின் 70 மீட்டர் தட்டு, டிஎஸ்எஸ்-43. அது 2020 மார்ச்சில் சீரமைப்புக்குப் போய் 2021 பிப்ரவரியில் திரும்பும்வரை வாயேஜர் 2-க்கு வழக்கமான கட்டளைகள் போகவில்லை. கலம் சொல்வதைச் சிறிய தட்டுகளை இணைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2023 ஜூலையில் தவறான கட்டளையால் கலத்தின் ஆண்டெனா 2 டிகிரி விலகியபோதும், இதே தட்டிலிருந்து முழு வலுவில் ஒலித்த கட்டளைதான் ஆகஸ்ட் 4-இல் அதை மீண்டும் பூமியின் பக்கம் திருப்பியது.

ஒரு எச்சரிக்கை. ஒரு கலத்தின் பெயர் இந்தப் பக்கத்தில் சில மணி நேரம் இல்லாவிட்டால் பதற வேண்டாம். ஆண்டெனாக்கள் குறைவு, கலங்கள் அதிகம். முறை வைத்துத்தான் நேரம் ஒதுக்குகிறார்கள். பராமரிப்பில் இருக்கும் தட்டுகளும் ரேடியோ வானியலுக்கு ஒதுக்கிய தட்டுகளும்கூட இந்தப் பலகையில் வரும். ஐரோப்பிய, சீன, இந்திய நிலையங்கள் நடத்தும் தொடர்புகள் இதில் தெரியாது. சீனாவின் செவ்வாய்க் கலம் தியான்வென்-1 இங்கே இல்லையே என்று கேட்பதில் பொருளில்லை.

மூலப்படங்கள்: இந்தத் தொகுப்பிலேயே மிகச் சிறந்தது

பெர்சிவரன்ஸ் 2021 பிப்ரவரி 18-இல் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கியது. அன்று முதல் அது எடுத்து பூமிக்கு வந்த படங்கள், யாரும் தேர்ந்தெடுத்து மெருகேற்றாமல், பக்கத்தில் அப்படியே ஏறிக்கொண்டிருக்கின்றன. கியூரியாசிட்டிக்கும் 2012 ஆகஸ்டிலிருந்து இதே ஏற்பாடு. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் திட்டக்குழுவுக்குச் சில மணி நேரம் பின்னால் நின்று அதே படத்தைப் பார்க்கலாம். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு பொதுமக்களுக்கு இப்படித்தான் திறந்திருக்க வேண்டும். இதற்கு முழு மதிப்பெண்.

தேடுவதற்கு இரண்டு வழி. கேமரா வாரியாக வடிகட்டலாம், அல்லது சோல் எண் கொடுக்கலாம். சோல் என்பது செவ்வாயின் ஒரு நாள், 24 மணி 39 நிமிடம் 35 நொடி. இறங்கிய நாள் பூஜ்யம். சோல் எண்ணை 1.0275-ஆல் பெருக்கினால் இறங்கியதிலிருந்து எத்தனை பூமி நாள் என்று வரும். எடுத்துக்காட்டாக 1212. பெருக்கினால் 1,245 சொச்சம். அதாவது 2024 ஜூலை 18-ஐ ஒட்டிய நாள். அந்தச் சோலைத் திறந்து, கையின் நுனியில் இருக்கும் வாட்சன் கேமராவைத் தேர்ந்தெடுத்தால் 'செயாவா ஃபால்ஸ்' பாறை வரும். ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். செந்நிறப் பரப்பில் வெளுத்த புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு விளிம்பு. சிறுத்தைப் புள்ளிகள் என்று பெயர் வைத்தார்கள். புள்ளிகள் மில்லிமீட்டர் அளவே. விளிம்பில் இரும்பும் பாஸ்பேட்டும் இருப்பது பின்னர் தெரிந்தது. பழைய நுண்ணுயிர்களின் தடமாக இருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் ஆய்விதழில் வந்து உலகச் செய்தியான பாறை இது. செய்தியில் வந்த படத்துக்கும் இங்கே கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகளின் ஓரமும் இடையே ஓடும் வெள்ளை நரம்புகளின் துகளும் தனித்தனியே தெரியும்.

கோப்புப் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் எழுத்துகள் கேமராவைச் சொல்லும்: என்எல், என்ஆர் வழிகாட்டும் கேமராவின் இடது, வலது கண், எஃப் என்று தொடங்கினால் முன்பக்க இடர்க் கேமரா, ஆர் என்றால் பின்பக்கம், இசட்எல், இசட்ஆர் ஜூம் செய்யும் இரட்டைக் கேமராவான மாஸ்ட்கேம்-இசட். அடுத்த நான்கு இலக்கம் சோல். அதன்பின் வரும் பத்து இலக்கம் கலத்தின் கடிகாரம், 2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து எண்ணிய நொடிகள் ஏறத்தாழ. இன்னும் சற்றுத் தள்ளி, அடிக்கோட்டுக்குப் பின் டி என்று இருந்தால் அது சிறுபடம். என் என்றால் முழுப்படம். முதலில் சிறுபடங்கள்தான் வரும். அலைவரிசை கிடைக்கும்போது முழுப்படம் பின்னால் இறங்கும். சிறுபடத்தை இறக்கிக்கொண்டு 'நாசா மங்கலாகப் போடுகிறது' என்று குறைசொல்லுமுன் அந்த எழுத்தைப் பாருங்கள்.

மாஸ்ட்கேம்-இசட் படங்களைக் கோத்துப் பரந்த காட்சியாக்க விரும்புகிறவர்களுக்குப் பெயரின் கடைசிப் பகுதி முக்கியம். அங்கே 034, 110 என்பதுபோல் வரும் எண் லென்ஸின் குவியத்தூரம், மில்லிமீட்டரில். இந்தக் கேமரா 26 முதல் 110 மி.மீ. வரை ஜூம் செய்யும். படங்களைக் கோக்கும் ஹுகின் போன்ற இலவச மென்பொருள் கிடைமட்டப் பார்வைக் கோணம் கேட்கும்போது 26-க்கு 25.6 டிகிரி, 34-க்கு 20 டிகிரி, 110-க்கு 6.2 டிகிரி கொடுங்கள். இதை ஊகிக்க விட்டால் அடிவானம் வாழைப்பழம்போல் வளைந்து வரும். வெவ்வேறு குவியத்தூரப் படங்களை ஒரே கோப்பில் போடக் கூடாது. இடது, வலது கண் படங்களையும் கலக்கக் கூடாது. இரண்டு கண்ணுக்கும் இடைவெளி இருப்பதால் அருகில் உள்ள கற்கள் இரட்டையாகத் தெரியும்.

வழிகாட்டும் கேமராவில் இன்னொரு சிக்கல். அதன் முழுப்படம் 5120-க்கு 3840 புள்ளி. ஆனால் அது பெரும்பாலும் 1280-க்கு 960 அளவை ஒட்டிய துண்டுகளாகத்தான் இறங்கும். ஒரு சக்கரத்தின் கால்பகுதி மட்டும் தெரியும் படம் வந்தால் அது கெட்ட படமில்லை, பெரிய படத்தின் ஓடு. கடிகார எண் ஒன்றாகவோ மிக நெருங்கியோ இருக்கும் கோப்புகளைச் சேர்த்தெடுத்து ஒட்டினால் முழுக்காட்சி கிடைக்கும்.

நிறத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மூலப்படங்கள் நிறம் சீர்செய்யப்படாதவை. கைப்பேசிச் செயலியில் தானியங்கி நிறச்சமன் அழுத்தினால் செவ்வாயின் வானம் நீலமாகிவிடும். காரணம், பூமியின் பகல் வெளிச்சத்தை எதிர்பார்த்து எழுதிய கணக்கு தூசியின் செம்மஞ்சளைத் தப்பு என்று நினைத்துத் திருத்துகிறது. சரியான வழி, அதே சோலில் எடுத்த நிறத் தரக்கட்டையின் (நிறத்தை ஒப்பிட ரோவரில் பொருத்திய மாதிரிப் பலகை) படத்தைத் தேடி அதிலுள்ள சாம்பல் கட்டத்தைக் கொண்டு சமன் செய்வது. அப்போதும் அது பாறையைப் பூமி வெளிச்சத்தில் பார்ப்பதுபோன்ற நிறம்தான். செவ்வாயில் வானம் மெய்யாகவே நீலச்சாயல் பெறுவது காலை, மாலைச் சூரியனைச் சுற்றி மட்டும்; நுண்தூசி நீல ஒளியை முன்னோக்கிச் சிதறடிப்பதால். அதுபோல் நிழலில் எட்டுக்கு எட்டு கட்டங்களாகத் தெரியும் உருவங்கள் ஜேபெக் சுருக்கத்தின் தழும்புகள். அவற்றைப் பெரிதாக்கி முகம், கதவு என்று வட்டமிட்டுப் பகிர்வது இந்தச் சேவைக்குச் செய்யும் அநியாயம்.

படங்கள் சீராக வராமல் கொத்துக்கொத்தாக வருவது இயல்பு. ரோவர் நேரே பூமிக்குப் படம் அனுப்புவதில்லை. எம்ஆர்ஓ, ஐரோப்பாவின் டிஜிஓ போன்ற சுற்றுக்கலங்கள் தலைக்கு மேல் போகும் சில நிமிடங்களில் அவற்றிடம் ஒப்படைக்கிறது. ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் நமக்கும் செவ்வாய்க்கும் நடுவே வரும்போது இரண்டு வாரம் போலக் கட்டளைகளே போகாது. 2023 நவம்பரிலும் 2026 ஜனவரியிலும் அப்படி ஆனது. அந்த வாரங்களில் பக்கம் வெறிச்சோடினால் ரோவர் செத்துவிட்டது என்ற வதந்தியை நம்பாதீர்கள்.

கூடவே 'பெர்சிவரன்ஸ் எங்கே' என்ற ஊடாடும் வரைபடமும் உண்டு. ஒவ்வொரு ஓட்டமும் முடிந்த இடம் ஒரு புள்ளி. படத்தின் சோல் எண்ணை அந்தப் புள்ளியோடு பொருத்தினால், நீங்கள் பார்க்கும் கல் பள்ளத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். 72 முறை பறந்து 2024 ஜனவரியில் இறக்கை உடைந்து நின்ற இஞ்சினுவிட்டி ஹெலிகாப்டரின் பாதையையும் அதில் தேடிப் பாருங்கள்.

ஜூனோகேம்: பொறுமை உள்ளவர்களுக்கு

ஜூனோவின் இந்தக் கேமரா பொதுமக்களுக்காகவே ஏற்றப்பட்டது. மூலக்கோப்பை இறக்கித் திறந்தவுடன் பலரும் மூடிவிடுவார்கள். வியாழன் தெரியாது, நீளமான, கறுப்புவெள்ளைப் பட்டைகளின் ஏணி ஒன்று தெரியும். காரணம், ஜூனோ நிமிடத்துக்கு இரண்டு முறை சுழல்கிறது. சுழலும்போதே கேமரா கோளைத் துடைத்தெடுப்பதுபோல் பட்டை பட்டையாக எடுக்கிறது. ஒவ்வொரு பட்டையும் 1648 புள்ளி அகலம், 128 புள்ளி உயரம். நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் அடுக்கியிருக்கும். மீத்தேன் வடிகட்டிப் படங்கள் தனியாக வரும்.

பட்டைகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்கினால் போதும் என்று தொடங்குகிறவர்களுக்கு ஓரங்களில் வானவில் விளிம்பு வரும். கலம் சுழல்வது மட்டுமில்லை, கோளை நெருங்கும்போது நொடிக்குப் பல பத்து கி.மீ. பறக்கவும் செய்கிறது. ஒவ்வொரு பட்டையும் எடுத்த நொடியில் கலம் எங்கே இருந்தது, எங்கே பார்த்தது என்பதை ஸ்பைஸ் கோப்பிலிருந்து எடுத்து, கோளின் உருண்டையில் பதித்து, மறுபடி ஒரே கோணத்தில் வரைந்தால்தான் நிறங்கள் ஒன்றும். ஐசிஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். கற்க ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். அவ்வளவு நேரம் இல்லாதவர்களுக்கு அதே பக்கத்தில் ஏற்கெனவே கோத்த படங்களும் கிடைக்கின்றன. அதை எடுத்து மாறுபாட்டைக் கூட்டி, மேகச்சுழிகளை வெளிக்கொணர்வதில் தொடங்கலாம். கெரால்ட் ஐக்ஸ்டாட், கெவின் கில் போன்றவர்கள் பதிவேற்றிய படங்கள் அங்கேயே இருக்கின்றன. மூலக்கோப்பையும் அவர்கள் முடித்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நல்ல பாடம்.

பிந்தைய சுற்றுகளின் கோப்புகளில் இரைச்சலும் கோடுகளும் அதிகம். வியாழனின் கதிர்வீச்சு கேமராவைத் தின்றுகொண்டிருந்தது. 2023 இறுதியில் படங்கள் மிக மோசமானபோது, கேமராவின் சூடேற்றியை இயக்கி 25 டிகிரிவரை கொண்டுபோய்ச் சிலிக்கானில் ஏற்பட்ட பழுதை ஆற்றினார்கள். ஐயோவை 1,500 கி.மீ. தூரத்தில் கடந்த டிசம்பர் 30-க்குள் படம் தெளிந்துவிட்டது. அந்தக் கோப்புகளைத் தேடி இறக்குங்கள். எரிமலைகளின் ஓரம் சூரிய வெளிச்சத்தில் கூர்மையாக நிற்கும்.

ஹைரைஸும் பிரதானும்

எம்ஆர்ஓ கலத்திலுள்ள ஹைரைஸ் கேமரா செவ்வாயை ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 செ.மீ. நுணுக்கத்தில் எடுக்கிறது, ஒரு சாப்பாட்டு மேசை நாலைந்து புள்ளியாகத் தெரியும். அரிசோனா பல்கலைக்கழகம் நடத்தும் பக்கத்தில் எல்லாம் இலவசம். முழுக்கோப்புகள் ஜேபெக்2000 வடிவில் நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும். அவற்றைச் சாதாரணப் படச்செயலியில் திறக்க முயன்று கணினியைத் தொங்கவிடாமல், அவர்களே தரும் ஹைவியூ மென்பொருளில் திறந்தால் தேவையான பகுதி மட்டும் இறங்கும். 2023 ஆகஸ்டுக்குப் பின் எடுத்தவற்றில் நடுவே ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். ரெட்4 என்ற உணரியின் மின்னணுப் பகுதி பழுதானதால் வந்தது, உங்கள் தரவிறக்கத்தின் கோளாறு இல்லை.

இங்கே அதிகம் பேருக்குத் தெரியாத வசதி ஹைவிஷ். இலவசமாகப் பதிந்து, செவ்வாய் வரைபடத்தில் ஒரு இடத்தைக் குறித்து, அதை ஏன் படமெடுக்க வேண்டும் என்று எழுதினால் கோரிக்கை வரிசையில் சேரும். 2010 முதல் நடக்கிறது. படத்தின் அகலம் 6 கி.மீ. மட்டும், அதனால் பெரிய பள்ளம் முழுவதையும் கேட்காதீர்கள். அதன் சுவரில் ஒரு ஓடையையோ மண்சரிவையோ குறியுங்கள். 'அழகாக இருக்கிறது' என்று எழுதுவதைவிட 'இந்தச் சரிவில் புதிய தடம் உண்டா என்று பழைய படத்தோடு ஒப்பிட' என்று எழுதினால் வாய்ப்புக் கூடும். பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம்.

இஸ்ரோவின் தரவுகள் பெங்களூரு அருகே பயலாலுவில் இயங்கும் தரவு மையத்தின் பிரதான் வாசலில் கிடைக்கின்றன. மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தாக வேண்டும். பெர்சிவரன்ஸ் பக்கம்போல் திறந்தவுடன் படம் பார்க்க முடியாது. இந்தத் தடை தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. பள்ளி மாணவர் ஒருவர் சந்திரயான்-2 எடுத்த படத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அவரை வாசலில் நிறுத்தக் கூடாது. உள்ளே போனால் கிடைப்பது பொன். சந்திரயான்-2-இன் ஓஎச்ஆர்சி கேமரா நிலவை 25 செ.மீ. நுணுக்கத்தில் எடுத்தது. மங்கள்யானின் வண்ணக் கேமராப் படங்களும் அங்கே உண்டு. அந்தக் கலம் ஒருபுறம் 422 கி.மீ. வரை நெருங்கி, மறுபுறம் 77,000 கி.மீ. வரை விலகிப் போனது. தாழப் பறக்கும் கலங்கள் துண்டு துண்டாகப் பார்த்த செவ்வாயை அது முழு வட்டமாக ஒரே சட்டத்தில் பிடித்தது. இறக்கும்போது படக்கோப்பை மட்டும் எடுக்காதீர்கள். கூட வரும் விவரக் கோப்பையும் அதே கோப்புறையில், பெயர் மாற்றாமல் வையுங்கள். படத்தின் அகலம், உயரம், ஒரு புள்ளிக்கு எத்தனை பைட் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. அது இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் அந்தப் படத்தைத் திறக்கத் தெரியாமல் நிற்கும்.